தாங்கிப் பிடித்தவருக்கு மறுபோட்டி தகுமா?

வீழ்ந்தவர் எழுவாரா என்று விரல் மடக்கி எண்ணியே தம் வாழ்நாளைக் கழித்து, இன்று இந்தக் குத்துச்சண்டை மன்றத்தின் தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் மாண்புமிகு முன்னாள் நடுவர் அவர்களே! விதிகளை விரித்து, வாதங்களை அடுக்கி, வியர்வையைத் துடைத்து, மறுபோட்டி கூடாது என்று தண்ணீரும் குடிக்காமல் முழங்கி முடித்திருக்கும் மதிப்பிற்குரிய வக்கீல் ஐயா அவர்களே! முட்டி தேய்ந்தாலும் முறைப்பு தேயாத மூத்த வீரர்களே! பிள்ளை ரிங்கில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்துவைத்து, கூட்டத்தின் கூச்சலைக் கொண்டே அடி கொடுத்தது மகனா, அடி வாங்கியது மகனா என்று கணிக்கக் கற்றுக்கொண்ட தாய்மார்களே! என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இன்றைக்கும் தேடிப்பிடித்துக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும் என் பழைய மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோரையும் வணங்கி, வாழ்த்தி, அந்தத் தூணோரம் செல்போனில் பேசிக்கொண்டிருக்கும் தம்பி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருந்து, என் உரையைத் தொடங்குகிறேன். முடிச்சிட்டீங்களா தம்பி? ரொம்ப சந்தோஷம்.

முதலில் ஒரு திருத்தம். அழைப்பிதழைப் பார்த்திருப்பீர்கள். “மறுபோட்டி கூடாது என்று வாதிடுபவர்: சாம்பியனின் துணைவியார், தமிழாசிரியை” என்று அழகாக அச்சடித்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செயலாளர் தம்பியைக் கூப்பிட்டு, “யாரைக் கேட்டுப் போட்டீங்க?” என்றேன். “இதைக் கேக்கணுமா டீச்சர்? புருஷனோட பெல்ட்டைக் காப்பாத்தத்தானே வருவீங்க?” என்றார். எத்தனை நம்பிக்கை பாருங்கள்! சற்றுமுன் ஒரு பெண்மணி தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவதைப் பார்த்து நீங்களெல்லாம் சிரித்தீர்களே, அது இந்தத் திருத்தத்துக்காகத்தான். சபையோரே, நான் மறுபோட்டி வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

என்ன, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள்? வக்கீல் ஐயா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்களே! போட்டுக்கொள்ளுங்கள், இன்னும் நிறைய இருக்கிறது.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? கனஎடைப் பட்டத்துக்காக எங்கள் வீட்டுக்காரரோடு மோதி, தோற்றுப்போன ஒரு சவால்காரர் இன்னொரு வாய்ப்புக் கேட்கிறார். வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை செய்கிறவர். நீங்களெல்லாம் செல்லமாகப் ‘பீரோ’ என்று கூப்பிடுகிறீர்கள். நான் பீரோ தம்பி என்கிறேன். மன்றத்தின் விதி என்ன? தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். போனால் என்ன ஆகும்? அவருடைய முறை திரும்பி வருவதற்குள் அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இன்றைக்கு இந்தப் பொதுக்குழு கை தூக்கினால் அவருக்குப் போட்டி உண்டு. தூக்காவிட்டால் அவர் கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டியதுதான். இதுதான் வழக்கு. இதில் என் வீட்டுப் பெல்ட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைய போட்டியை நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? முதல் வரிசையில் இடம். ஆனால் நான் நாற்காலியில் இல்லை. நாற்காலிக்கு அடியில் குனிந்து, காதில் பத்திரமாக இருந்த கம்மலைத் தரையில் தேடிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் எத்தனை கம்மலைத் தேடியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஏழாவது சுற்று. திடீரென்று கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. சத்தம் போட்டாலும் பயப்படாதவள் நான்; சத்தம் நின்றால்தான் எனக்குப் பயம். நிமிர்ந்தேன்.

பீரோ தம்பியின் இடது கை எங்கள் வீட்டுக்காரரின் விலாவில் இறங்கியிருந்தது. வலது கை தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஐயோ என்று நான் எழுவதற்குள் அவருடைய முழங்கால் இரண்டும் விடுப்பு எடுத்துக்கொண்டன. கண் எங்கோ போய்விட்டது. ஆள் முன்பக்கமாகச் சாய்கிறார். பட்டம் போகிறது, பெல்ட் போகிறது, பல்லும் போகிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போதுதான் நடந்தது அந்த அதிசயம்! உலகத்தில் எந்தக் குத்துச்சண்டை வீரரும் செய்யாததை, செய்யத் துணியாததை, செய்யக் கனவும் காணாததை அந்தத் தம்பி செய்தார். சாய்ந்தவரின் இரண்டு அக்குளுக்கும் அடியில் கையைக் கொடுத்து, மார்போடு அணைத்து, முட்டியை மடக்கி, கனத்தை இடுப்பில் வாங்கி, தரையில் சிராய்ப்புப் படாமல் நேராக நிமிர்த்தி நிறுத்தினார்! நிறுத்தியதோடு விட்டாரா? பல் கவசத்துக்குள்ளிருந்து, “பாத்து, பாத்து… மெதுவா” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், என் காதில் விழுந்தது. முதல் இரண்டு வரிசைக்கும் விழுந்தது. பிரித்துவிட வந்த நடுவரே வந்த வேலையை மறந்து ஒரு கணம் நின்றுவிட்டார்.

அந்த அணைப்பில் எங்கள் வீட்டுக்காரர் இளைப்பாறினார். நன்றாகவே இளைப்பாறினார். நான் மறைக்கவில்லை. மணி அடித்தது. மூலையில் தண்ணீர் தெளித்தார்கள். அடுத்த சுற்றில் புதிய மனிதராய் எழுந்து வந்து, தன்னைத் தாங்கிய அதே ஆளின் தாடையில் ஒன்று விட்டார். பீரோ தம்பி விழுந்தார். அவரைப் பிடிக்க யாருமில்லை. நடுவர் பத்து எண்ணினார். வெற்றி! வாண வேடிக்கை! மாலை! நானும் கம்மலை மறந்துவிட்டு எழுந்து நின்று கை தட்டினேன்.

யாரோ அங்கே “பாவம் பீரோ” என்கிறீர்கள். இருங்கள், அந்தப் பாவத்தை இப்போதே ஒரு பக்கம் வைத்துவிடுவோம். வக்கீல் ஐயா கேட்டார்: “பரீட்சை எழுதும்போது ஒருத்தன் கைதவறிப் பேனாவைக் கீழே போட்டுவிட்டால், அவனுக்காக மறுபரீட்சை வைப்பீர்களா டீச்சர்?” நல்ல கேள்வி. மாட்டேன் ஐயா! பேனாவைப் போட்டவனுக்கு மாட்டேன். பக்கத்து மேசைக்காரனுக்கு இரக்கப்பட்டுத் தன் பேனாவைத் தூக்கிக் கொடுத்தவனுக்கும் மாட்டேன். “ஏண்டா, பரீட்சைக்கு வந்தியா, பேனா தானம் பண்ண வந்தியா?” என்று காதைத் திருகி அனுப்புவேன். கடைசி வரிசை தலையாட்டுகிறது, அனுபவம்! யாரும் பீரோ தம்பியை ஏமாற்றவில்லை. நடுவர் நேர்மையாக எண்ணினார். எங்கள் வீட்டுக்காரர் நேர்மையாக அடித்தார். இரக்கத்துக்காக மறுபோட்டி என்றால், என் நாற்காலியை மறுபடி அந்தப் பக்கமே கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன்.

அப்படியானால் எதற்காகக் கேட்கிறேன்? அதைச் சொல்லத்தான் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு உங்களைக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

போட்டி முடிந்து, காயம் ஆறி, நாங்கள் வீடு மாறினோம். மூன்றாம் மாடியிலிருந்து இறங்க வேண்டும். லிப்ட் கிடையாது. படிக்கட்டோ குறுகல், நடுவழியில் ஒரு வளைவு வேறு. கண்ணாடிச் சாமானை உடைக்காமல் கொண்டுபோகிற கம்பெனி எது என்று விசாரித்தேன், எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள், போன் பண்ணினேன். காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு யார் நிற்கிறார்? பீரோ தம்பி! கையில் கயிறு, தோளில் மடித்த கம்பளி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. “டீச்சர்… இது உங்க வீடுன்னு கம்பெனியில சொல்லல” என்றார். “வாங்க தம்பி, முதல்ல காபி குடிங்க” என்றேன். உள்ளேயிருந்து எங்கள் வீட்டுக்காரர் பனியனோடு வந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடியே நின்றார்கள். காபி ஆறிப்போனது.

அன்றைக்கென்று பீரோ தம்பியோடு வரவேண்டிய கூட்டாளிக்குக் காய்ச்சல். “நானே ஒரு பக்கம் பிடிக்கிறேன்” என்று எங்கள் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். எங்கள் வீட்டுப் பீரோ படியில் இறங்கும்போது கீழ்ப்பக்கம் நிற்கிறவர்மீதுதான் கனம் முழுவதும் இறங்கும். அது எல்லோருக்கும் தெரியும். “கீழ்ப்பக்கம் நான்” என்றார் இவர். “இல்லண்ணே, கீழ்ப்பக்கம் நான்” என்றார் அவர். “நான் சாம்பியன்ப்பா!” “சரிண்ணே. ஆனா இது என் ரிங்கு.” கனஎடையில் இரண்டு பேர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரு பீரோவின் அடிப்பக்கத்துக்காகச் சண்டை போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். தலைவர் அவர்களே, அனுமதியில்லாமல் ஒரு மறுபோட்டி அன்றைக்கே நடந்துவிட்டது! அதில் எங்கள் வீட்டுக்காரர் தோற்றார். மேல்பக்கம்தான் கிடைத்தது.

வளைவில் பீரோவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். நான் மேல்படியில் தலையணையோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது எங்கள் வீட்டுக்காரர், இத்தனை நாளாய் மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டார்.

“ஏம்ப்பா, அன்னைக்கு எதுக்கு என்னைப் பிடிச்ச?”

“தெரியலண்ணே. கை தானா போயிடுச்சு.”

“அது எப்படித் தானா போகும்?”

“கனமா ஒண்ணு சாஞ்சா கை போயிடும்ணே. வேலைப் பழக்கம். கீழ விழுந்தா உடைஞ்சிடுமேன்னு…”

“உடைஞ்சிடுமா? நான் என்ன கண்ணாடி வச்ச பீரோவா?”

தம்பி நிதானமாக யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “இல்லண்ணே. கண்ணாடி வச்சதுன்னா ரெண்டு பேரா பிடிப்போம்” என்றார்.

எனக்கு வந்த சிரிப்பைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பீரோவைத் தூக்கினார், இறக்கினார், தோள் பிடித்துக்கொண்டதையும் பொருட்படுத்தாமல் புதுவீட்டில் சுவரோரம் நிறுத்தினார். பீரோவுக்குள்ளிருந்த பெல்ட்டை எடுத்துப் பழையபடி கூடத்தில் மாட்டப் போனேன். “அது அங்கயே இருக்கட்டும், விடு” என்றார். அன்றிலிருந்து அது போர்வைக்கு அடியில் கிடக்கிறது.

சபையோரே, ஊர் வாயை மூட முடியுமா? முடிவெட்டும் கடையில் நாற்காலியில் சாய்ந்தால், “பாத்து சாம்பியன், மெதுவா” என்கிறார்கள். மார்க்கெட்டில் கால் கொஞ்சம் தடுக்கினால் நாலு பக்கமிருந்தும் கை நீள்கிறது. கேலிதான், அன்பான கேலிதான், நானும் ரசித்தவள்தான். ஆனால் ஒருநாள் என்னைக் கூட்டிப்போகப் பள்ளிக்கு வந்தார். மைதானத்தில் பிள்ளைகள் புது விளையாட்டு ஒன்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கண்ணைச் செருகிக்கொண்டு சாய்கிறான்; இன்னொருத்தன் ஓடிவந்து பிடித்து, “பாத்து பாத்து!” என்று கத்துகிறான், சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள். இவரைக் கண்டதும் பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள். இவர் உடனே கை தட்டி, தாமும் ஒருமுறை சாய்ந்து காட்டி, பத்துப் பிள்ளைகள் சேர்ந்து பிடிக்கவைத்து, எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுத்தான் வந்தார். அத்தனை பெருந்தன்மை அவருக்கு.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டார். “அந்த விளையாட்டுல கடைசியில யாரு ஜெயிச்சதா வச்சிக்கிறாங்க?” எனக்குப் பொய் வரவில்லை. “பிடிக்கிறவன்தான்” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் வரும்போது, என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்: “நான்தானே ஜெயிச்சேன்?”

தாய்மார்களே, தோற்றவன் ஆயிரம் கேள்வி கேட்கலாம். அது அவன் உரிமை. வென்றவன் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேள்வியை என் கணவர் பேருந்தில் வைத்து என்னிடம் கேட்டார். மாலை போட்ட மன்றமே, பதில் சொல்! பட்டம் தந்த தலைவரே, பதில் சொல்லுங்கள்! விதிப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் ஐயா இருக்கிறது அதற்கு விடை? நடுவர் எண்ணிய பத்தில் இருக்கிறதா? பெல்ட்டில் பதித்த கல்லில் இருக்கிறதா? புரட்டிப் பாருங்கள், போர்வையை விலக்கிப் பாருங்கள், எங்கும் இல்லை. அது ரிங்கில் இருக்கிறது. நான்கு கயிற்றுக்கு நடுவில், அந்த இரண்டு பேருக்கும் இடையில், பாதியில் நிற்கிறது. போய் எடுத்துக்கொள்ள அவர்களை விட வேண்டும்.

தாங்கிப் பிடித்தவருக்குத் தகுமா என்று தலைப்பு வைத்தீர்கள். வென்றவருக்குத் தகும் என்று பேசிக்கொண்டிருக்கிறேன் நான். தலைப்பை மீறியதற்கு மதிப்பெண் குறைப்பதானால் குறைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் ஐயா கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள் ஐயா… ஆமாம், ஆமாம், அதை மறக்கவில்லை. “வரிசையில் அடுத்து நிற்கிறவர் என்ன பாவம் செய்தார்?” என்கிறார். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் பேசியதிலேயே என்னைத் தூங்கவிடாதது அது ஒன்றுதான். அடுத்து நிற்கிறவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்கிறவர். நியாயமாய்ப் பார்த்தால் இது அவருடைய முறை. அதனால் அவரையே போய்ப் பார்த்தேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, இனிமையாகச் சிரித்துக்கொண்டே என்னைத் திட்டினார். “நல்லா இருக்கே டீச்சர்! உங்க வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லன்னா நான் எதுக்கு நிக்கணும்?” திட்டு நியாயமானது, வாங்கிக்கொண்டேன். திரும்பி வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். “டீச்சர், இப்ப நான் போய் அண்ணனை ஜெயிச்சேன்னு வைங்க. அப்பவும் ஊரு என்ன சொல்லும்? ‘பீரோ விட்டுக் கொடுத்ததை நீ எடுத்துட்டு வந்தே’ம்பாங்க. எனக்கு அது வேணாம். ஆனா ஒண்ணு. ஜெயிக்கிறவரு நேரா என்கிட்டதான் வரணும். நடுவுல வேற யாரையும் நுழைக்கக் கூடாது.” தலைவர் அவர்களே, அவருடைய இந்த நிபந்தனையைத் தீர்மானத்தில் சேர்க்காமல் யாரும் கை தூக்க வேண்டாம். அது சேராவிட்டால் நானே எதிர்ப்பேன். அதோ, கைகட்டி நிற்கிறார் பாருங்கள். முறைக்கிறாரா சிரிக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

யாரது குரல்? “மறுபடியும் பிடிச்சிட்டா என்ன பண்றது?” நல்லா கேட்டீங்க! ஊரே கேட்கிற கேள்வி. பீரோ தம்பியின் பயிற்சியாளரும் இதே கவலையில்தான் இருந்திருக்கிறார். மணல் மூட்டையைச் சாய்த்துச் சாய்த்து விட்டுப் பழக்கியிருக்கிறார். மூட்டை சாயும், தம்பி பிடிப்பார். “விடுடா!” என்று கத்துவார், தம்பி மெதுவாகப் படுக்கவைப்பார். “படுக்கவைக்காதே, விழவிடு!” மறுபடி சாய்ப்பார், மறுபடி பிடிப்பார். வாரக்கணக்கில் இதே கூத்து. கடைசியில் பயிற்சியாளருக்குப் பொறுமை போய்விட்டது. “மூட்டையாவது மண்ணாங்கட்டியாவது! நானே சாயறேன், நீ என்ன பண்றேன்னு பாக்கறேன்!” என்று கையைக் கட்டிக்கொண்டு மரம்போலச் சாய்ந்தார். தம்பி பிடிக்கவில்லை! பயிற்சி பலித்துவிட்டது! பயிற்சியாளர் இடுப்பில் கட்டோடு அதோ, அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலிக்கிறதா ஐயா? வலித்தாலும் முகத்தில் பெருமையைப் பாருங்கள்!

சிரித்தீர்களா? நானும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்து, பாத்திரம் தேய்க்கப் போனேன். தேய்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. பிடிக்காமலிருக்க அவர் கற்றுக்கொண்டுவிட்டார். அப்படியென்றால் அடுத்த முறை எங்கள் வீட்டுக்காரர் சாய்ந்தால்? சாய்ந்தால் விழுவார். தடாலென்று விழுவார். யாரும் “பாத்து” என்று சொல்லமாட்டார்கள். கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன். பேசாமல் இருந்துவிடலாம், நம் நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பெல்ட் போர்வைக்கு அடியிலேயே கிடக்கட்டும், ஆள் முழுசாய் இருந்தால் போதும் என்று ஒரு மனம் சொன்னது. எனக்குப் பயம் இல்லை என்று உங்களில் யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனாலும் வந்திருக்கிறேன். ஏன் வந்தேன்? அடிபட்ட விலாவுக்குத் தைலம் தேய்த்திருக்கிறேன், ஆறிவிட்டது. வீங்கிய கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறேன், வடிந்துவிட்டது. கிழிந்த உதட்டுக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறேன், கூடிவிட்டது. “நான்தானே ஜெயிச்சேன்?” என்ற அந்தக் கேள்விக்கு எதைத் தேய்ப்பேன்? எதைக் கொண்டு ஒத்தடம் கொடுப்பேன்? அதற்கு மருந்து என் கையில் இல்லை சபையோரே. உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. தூக்கினால் கிடைக்கும், மடியில் வைத்துக்கொண்டால் கிடைக்காது.

எங்கள் வீட்டுக்காரர் ஜெயிக்க வேண்டும். அதில் ஒளிவுமறைவே இல்லை. பீரோ தம்பி, நீங்க நல்லா அடிக்கணும். ஆனா எங்க வீட்டுக்காரர்தான் ஜெயிக்கணும்! அப்படி முறைக்காதீங்க பீரோ தம்பி, உங்க வீட்டம்மா மைக்குக்கு வந்தா நேர்மாறாத்தான் சொல்லுவாங்க, சொல்லட்டும்! அவர் தன் காலில் நின்று ஜெயிக்கட்டும். இல்லை, தன் காலில் நின்று தோற்கட்டும். தோற்றால் கஞ்சி வைக்கிறேன். ஜெயித்தாலும் கஞ்சிதான் வைப்பேன். பல்லின் நிலைமை அப்படி. எது நடந்தாலும், பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல் வரட்டும். ஒரு மனைவி கேட்கிற வரம் இது ஒன்றுதான்.

முறுக்கேறிய முன்கைகளே, முதுமையேறிய முழங்கைகளே, கிளவுஸ் போட்ட கைகளே, அந்தக் கிளவுஸைத் துவைத்துக் காயவைத்த கைகளே! எண்ணப்படப்போகும் ஒவ்வொரு கையும் யோசிக்கட்டும். வீரம் என்றால் வென்றதைப் பொத்தி வைப்பதா? வென்றதை மறுபடி நடுவில் வைத்து, “வா, பார்ப்போம்” என்பதா? மன்றம் என்றால் பதிவேட்டைப் பாதுகாப்பதா? இரண்டு ஆண்பிள்ளைகள் உறக்கமில்லாமல் புரள்வதைப் பார்த்து, கதவைத் திறந்துவிடுவதா? திறவுங்கள்! தோற்றவர் ஓடி வரட்டும். வென்றவர் நடந்து வரட்டும். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கேள்வியை அடித்து நொறுக்கட்டும்!

கை தட்டியது போதும். தட்டுகிற கை வேறு, தூக்குகிற கை வேறு.

எனக்கு இந்த மன்றத்தில் வாக்கு கிடையாது. நான் உறுப்பினர் இல்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு வாக்குத்தான், அது அவருடையது. காலையில் சட்டை தேய்த்துக் கொடுக்கும்போது கேட்டேன். “என்னங்க, நீங்க கை தூக்குவீங்களா?” “நீ பேசு. நான் கேக்கறேன்” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் என்னிடமும் சொல்லவில்லை. சத்தியமாய் எனக்குத் தெரியாது. பேசுவதற்கு இருந்ததை எல்லாம் பேசிவிட்டேன். இனி தலைவர் எழுந்து, விதிப்படி தீர்மானத்தைப் படித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று…

என்ன அது, மூன்றாவது வரிசையில் சலசலப்பு? எல்லோரும் ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்? கொஞ்சம் தலையை விலக்குங்கள், எனக்குத் தெரியவில்லை… யாருடைய கை அது?

என்னங்க! கையை இறக்குங்க! தலைவர் இன்னும் தீர்மானத்தையே படிக்கல. இப்படியா முந்திக்கிட்டு…

இல்லை. இறக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி, அவரைப் பார்த்து ஒவ்வொன்றாய் உயரும் உங்கள் கைகளுக்கு என் வணக்கம். தலைவர் அவர்களே, சீக்கிரம் எண்ணத் தொடங்குங்கள். அவருக்கு அந்தத் தோள் இன்னும் சரியாகவில்லை, ரொம்ப நேரம் தூக்கிவைத்திருக்க முடியாது.